வீணாய்ப் போன புகையை வேலை வாங்கியவர்

1879-ம் ஆண்டில் இரண்டு குழந்தைகள் பிறந்தன.

ஒரு குழந்தை பிறந்த ஊர் திருச்சுழி. அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றின் கரையில் இருக்கும் ஊர் அது. டிசம்பர் 30-ந் தேதி, ஆருத்ரா தரிசன நாளில், வக்கீல் சுந்தரம் அய்யர் வீட்டில் அந்தக் குழந்தை பிறந்தது. வேங்கடராமன் என்று பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியாக விளங்கியவர் அவர்தான். அவரை அறியாதவர்கள் இல்லை.

இன்னொரு குழந்தை அதே ஆண்டு ஜூலை 11-ந் தேதி பிறந்தது. ஊர், சுவிட்சர்லாந்து நாட்டில் உள்ள வின்டர்தூர். பனி மலைகள் சூழ்ந்த நாடு அது. குழந்தையின் பெயர் ஆல்பிரட் பூஹி. உலகம் எங்கும் என்ஜின் தொழில் படித்தவர்கள் மதிக்கும் பெயர் அது.

பூஹி திருச்சுழியைப் பார்த்தவர் அல்ல. ஆனாலும் அவர் மூளையில் உதித்த பொருள் ஒன்று திருச்சுழிச் சாலையில் தினந்தோறும் ஓடுகிறது. கரி மூட்டை ஏற்றிய லாரியிலும் அது இருக்கிறது. பந்தல்குடி சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரியிலும் அது இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகும் டீசல் காரிலும் இருக்கிறது. அதன் பெயர் டர்போ சார்ஜர். டிரைவர்கள் சுருக்கமாக டர்போ என்பார்கள்.

டர்போ கெட்டுப்போனால் வண்டி இழுக்காது. மேடு ஏறத் திணறும். புகை கக்கும். புது டர்போ வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். மாதத் தவணை கட்டி லாரி ஓட்டும் குடும்பத்துக்கு அது பெரிய அடி.

அதைவிடப் பெரிய அடியும் உண்டு. கடன் வாங்கிப் புது டர்போ மாட்டுகிறார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் அதே புகை வருகிறது! கரிசல் காட்டு லாரிக்காரர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

அது ஏன்? பூஹியின் வாழ்க்கையில் அதற்கு விடை இருக்கிறது.

தொழிற்சாலை ஊரில் பிறந்தவர்

வின்டர்தூர் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். சுல்சர் என்ற பெரிய நிறுவனம் அங்கே நீராவி என்ஜின்களையும், பிறகு டீசல் என்ஜின்களையும் செய்து வந்தது. பூஹியின் தந்தை அந்த நிறுவனத்தில் பொறுப்பான பதவியில் இருந்தவர். இரும்பின் ஓசையைக் கேட்டு வளர்ந்தான் சிறுவன் ஆல்பிரட்.

20 வயதில், 1899-ல், சூரிச் நகரத்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். 1903-ல் படிப்பை முடித்தார். அப்போது அந்தக் கல்லூரியில் ஸ்டொடோலா என்ற பேராசிரியர் இருந்தார். நீராவியால் சுழலும் சக்கரங்களைப் பற்றி உலகத்துக்கே பாடம் சொன்ன மேதை அவர். இந்தப் பேராசிரியர் கதையில் மறுபடியும் வருவார்.

படிப்பு முடிந்ததும் பூஹி பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்த நாட்களில் ஒரே ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடாமல் செய்தது.

என்ஜினில் எண்ணெய் எரிகிறது. வெப்பம் உண்டாகிறது. அந்த வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, புகையோடு புகையாகக் குழாய் வழியே வெளியே போய்விடுகிறது. மூன்று குடம் தண்ணீர் இறைத்து, ஒரு குடத்தைத் தரையில் கொட்டுவது போன்ற நஷ்டம் அது. தண்ணீரின் அருமை தெரிந்த வறண்ட சீமைக்காரர்களுக்கு இந்த நஷ்டம் நன்றாகப் புரியும்.

போகிற புகையைப் பிடித்து வேலை வாங்க முடியாதா? இதுதான் பூஹியின் கேள்வி.

கொல்லன் துருத்தியும் டர்போவும்

கொல்லன் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலையில் கரி கிடக்கிறது. துருத்தியை அமுக்கிக் காற்று ஊதினால் நெருப்பு சீறி எழுகிறது. ஊதாவிட்டால் மந்தமாகக் கனல்கிறது. கரி அதே கரிதான். வித்தியாசம் காற்றில் இருக்கிறது.

என்ஜினும் அப்படியே. 1 லிட்டர் டீசல் முழுவதும் எரிவதற்கு ஏறக்குறைய 10,000 லிட்டர் காற்று வேண்டும். காற்றை அதிகம் திணித்தால் எண்ணெயையும் அதிகம் எரிக்கலாம். சின்ன என்ஜின் பெரிய என்ஜினைப் போல் இழுக்கும்.

ஆனால் துருத்தியை ஊதுவது யார்? என்ஜினே ஊதினால் அதன் பலத்தில் கொஞ்சம் அதற்கே செலவாகிவிடும். வீணாகப் போகும் புகையே துருத்தியை ஊதட்டும் என்றார் பூஹி.

டர்போவின் உருவம் நத்தை ஓடுகள் இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து வைத்தது போல் இருக்கும். நடுவே ஒரு சிறு தண்டு. தண்டின் இரண்டு முனையிலும் இறகுகள் உள்ள சக்கரங்கள். என்ஜினிலிருந்து சீறி வரும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. தண்டு சுழல்கிறது. மறுமுனைச் சக்கரமும் கூடவே சுழன்று, வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிறது. எவ்வளவு எளிய யோசனை!

1905-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு ஜெர்மனியில் விண்ணப்பம் செய்தார். காப்புரிமையும் கிடைத்தது. அதன் எண் 204630. அப்போது அவருக்கு வயது 26.

காகிதத்தில் வெற்றி, பட்டறையில் தோல்வி

பூஹி தாய்நாடு திரும்பினார். சுல்சர் நிறுவனத்தில் சேர்ந்தார். 1911-ல் அங்கே சோதனைகள் தொடங்கின.

சோதனைகள் அவரைச் சோதித்தன. புகையின் சூட்டைத் தாங்கும் உலோகம் அன்று கிடைக்கவில்லை. காற்றை அமுக்கும் சக்கரங்களும் போதுமான திறமையோடு செய்யப்படவில்லை. என்ஜின் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பிறகு சூடேறித் தொல்லை கொடுக்கும். ஆண்டுகள் ஓடின. பணம் கரைந்தது. இந்த யோசனை உருப்படாது என்று கருதியவர்கள் பலர்.

இதற்கிடையே முதல் உலகப் போர் வந்தது. ஆகாய விமானங்கள் உயரே பறந்தன. உயரே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். என்ஜினுக்கு மூச்சு முட்டும். பிரான்சில் ராத்தோ என்ற பொறியாளரும், அமெரிக்காவில் சான்போர்டு மாஸ் என்ற பொறியாளரும் டர்போவைக் கையில் எடுத்தார்கள்.

1918-ல் மாஸ் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். லிபர்ட்டி என்ற விமான என்ஜினை லாரியில் ஏற்றி, பைக்ஸ் பீக் என்ற மலையின் உச்சிக்குக் கொண்டு போனார். உயரம் ஏறக்குறைய 14,000 அடி. தரையில் 350 குதிரை சக்தி கொடுத்த அந்த என்ஜின், உச்சியில் 230 குதிரை சக்திதான் கொடுத்தது. டர்போவை மாட்டி ஓட்டினார்கள். 356 குதிரை சக்தி கிடைத்தது!

யோசனை பொய்யல்ல என்பது நிரூபணம் ஆனது. ஆனால் பூஹி விரும்பியது வேறு. கப்பலிலும் தொழிற்சாலையிலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஓடக்கூடிய டீசல் என்ஜினுக்கு டர்போ வேண்டும் என்பது அவர் லட்சியம். அங்கேதான் முட்டுக்கட்டை இருந்தது.

சத்தம் ஓரிடம்; நோய் வேறிடம்

தொல்லை கொடுத்தது டர்போ அல்லவா? டர்போவைத் திருத்தினால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பூஹி அதோடு நிற்கவில்லை. டர்போவுக்குப் புகை வரும் வழியை ஆராய்ந்தார். குற்றம் அங்கேயும் இருந்தது!

என்ஜினில் பல சிலிண்டர்கள் உண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாகப் புகையை வெளியே தள்ளும். எல்லாப் புகையும் ஒரே குழாயில் வந்து சேரும்படி அமைத்திருந்தார்கள். ஒரு சிலிண்டர் புகையைப் படார் என்று தள்ளும்போது, குழாயில் அழுத்தம் எகிறும். அதே சமயத்தில் இன்னொரு சிலிண்டர் தன் மிச்சப் புகையை வெளியேற்றப் பார்க்கும். முடியாது. வெளியே போக வேண்டிய புகை உள்ளேயே தங்கிவிடும். குறுகிய சந்துக்குள் எதிரும் புதிருமாக இரண்டு மாட்டு வண்டிகள் நுழைந்த கதைதான்.

பூஹி சந்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்றை ஒன்று இடைஞ்சல் செய்யாத சிலிண்டர்களைக் கூட்டுச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு குழாய் கொடுத்தார். புகை துடிப்புத் துடிப்பாக, வேகம் குறையாமல் வந்து டர்போச் சக்கரத்தை அடித்தது. இன்னொரு காரியமும் செய்தார். காற்று வரும் கதவும் புகை போகும் கதவும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்கும்படி வைத்தார். புதுக் காற்று உள்ளே புகுந்து, பழைய புகையைத் துடைத்து, சூட்டையும் தணித்தது.

இந்த முறைக்கு 1925-ல் தன் சொந்தப் பெயரில் காப்புரிமை தேடிக்கொண்டார். முதல் காப்புரிமைக்கும் இதற்கும் நடுவே 20 ஆண்டுகள்! 26 வயது இளைஞர் 46 வயதுக்காரர் ஆகிவிட்டார்.

கடலில் கிடைத்த பெருமை

அதற்கு முந்திய ஆண்டு, 1924 ஜூன் மாதத்தில், சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில் உள்ள பிரவுன் பவேரி தொழிற்சாலையிலிருந்து முதல் பெரிய டர்போ வெளியே வந்தது. பூஹி அந்த நிறுவனத்தோடு கை கோத்தார். வின்டர்தூரில் ரயில் என்ஜின் செய்யும் தொழிற்சாலையும் சேர்ந்துகொண்டது.

ஜெர்மனியில் பிராய்சன், ஹன்சாஸ்டாட் டான்சிக் என்று இரண்டு பயணிக் கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றின் டீசல் என்ஜின்களுக்கு பூஹியின் மேற்பார்வையில் டர்போ பொருத்தினார்கள். டர்போ இல்லாமல் 1,750 குதிரை சக்தி கொடுக்கும் என்ஜின், டர்போவோடு 2,500 குதிரை சக்தி கொடுத்தது. 1926-ல் கப்பல்கள் கடலில் மிதந்தன. பயணிகளை ஏற்றிக்கொண்டு போயின. பூஹியின் யோசனை பட்டறையை விட்டு உலகத்துக்குள் வந்துவிட்டது.

1928-ல் பூஹியின் முறைப்படி அமைந்த ஒரு டீசல் என்ஜினை அளந்து பார்த்துச் சோதித்தவர் யார் தெரியுமா? சூரிச் கல்லூரியின் அதே பேராசிரியர் ஸ்டொடோலாதான்! அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். அதற்குப் பிறகு சந்தேகப்பட்டவர்களின் வாய் அடைத்தது.

கப்பலுக்குப் பிறகு ரயில் என்ஜின்களுக்கு டர்போ வந்தது. 1938-ல் சுவிட்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் லாரி என்ஜினில் டர்போ வைத்தது.

1959-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி, பிறந்த ஊரான வின்டர்தூரிலேயே ஆல்பிரட் பூஹி காலமானார். அவருக்கு வயது 80. கடைகளில் விற்கும் காரில் டர்போ வருவதை அவர் பார்க்கவில்லை. அது வந்தது 1962-ல்.

காலியான பாட்டில்

அந்த ஆண்டு அமெரிக்காவில் டர்போ வைத்த கார்கள் இரண்டு விற்பனைக்கு வந்தன. ஒன்றின் பெயர் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர். பெட்ரோல் கார் அது. டர்போ திணிக்கும் காற்றால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறித் தட்டாமல் இருக்க, தண்ணீரும் ஒருவகைச் சாராயமும் கலந்த திரவம் ஒரு பாட்டிலில் வைக்கப்பட்டிருந்தது. பாட்டில் காலியானால் திரும்ப நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால், என்ஜினைக் காப்பதற்காக டர்போவின் வேகம் தானாகக் குறைக்கப்படும்.

கார் வாங்கிய பலர் பாட்டிலை மறந்தார்கள். வண்டி இழுக்கவில்லை என்று கோபத்தோடு கடைக்குத் திரும்பினார்கள். டர்போவையே கழற்றிப் போடச் சொன்னவர்களும் உண்டு. காலியானது பாட்டில். பழி விழுந்தது டர்போ மேல்!

1978-ல் மெர்சிடிஸ் நிறுவனம் டீசல் காரில் டர்போ வைத்து விற்றது. பிறகு அது உலகமெங்கும் பரவியது. இன்று இந்தியச் சாலைகளில் ஓடும் டீசல் கார்களிலும் லாரிகளிலும் டர்போ சாதாரணப் பொருள் ஆகிவிட்டது. அதோடு, டர்போ மேல் பழி போடும் பழக்கமும் பரவிவிட்டது.

கரிசல் காட்டுச் சோதனை

திருச்சுழிப் பக்கத்திலிருந்து சீமைக் கருவேலங்கரி ஏற்றி வரும் லாரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயில். கரிசல் மண் பொடிந்து பறக்கிறது. மூட்டையிலிருந்து கரித்தூள் வேறு. லாரி மூச்சு இழுக்கும்போது இவ்வளவு தூசியும் காற்றோடு வருகிறது. 1 லிட்டர் டீசலுக்கு 10,000 லிட்டர் காற்று என்றால், ஒரு நாளைக்கு எவ்வளவு தூசி! அதைத் தடுத்து நிறுத்துவது காற்று வடிகட்டி. ஏர் பில்டர் என்பார்கள்.

லாரியின் டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். கார் டர்போ அதையும் மிஞ்சும். அந்த வேகத்தில் மணல் பொடி பட்டாலும் இறகு தேயும். சிறு கல் பட்டால் இறகு ஒடியும். சுழலும் தண்டோ மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. அந்த எண்ணெய் ஒரு கணம் வராவிட்டாலும் தண்டும் பேரிங்கும் உரசிக்கொள்ளும்.

ஆகவே டர்போவுக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. சுத்தமான காற்று, சுத்தமான எண்ணெய். இவை கிடைத்தால் அது நீண்ட காலம் உழைக்கும். பெரும்பாலும் டர்போ தானாகச் சாவதில்லை. அதைச் சாகடிக்கும் காரணம் வேறிடத்தில் இருக்கும்.

நல்ல மெக்கானிக் முதலில் டர்போவைக் கழற்றமாட்டார். புகையைப் பார்ப்பார்.

கறுப்புப் புகை: காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிகிறது என்று அர்த்தம். வண்டி இழுக்காது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது ஏர் பில்டர். தூசி அடைத்திருந்தால் மாற்ற வேண்டும். தரையில் தட்டித் தட்டிப் பயன்படுத்தினால் காகிதம் கிழிந்துவிடும். பில்டர் இல்லாமல் ஓட்டுவது டர்போவுக்கு விஷம் வைப்பதற்குச் சமம். அடுத்து, டர்போவிலிருந்து என்ஜின் வரை போகும் ரப்பர் குழாய்களைப் பார்க்க வேண்டும். குழாயில் கீறல் இருக்கலாம். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அமுக்கிய காற்று அங்கே புஸ் என்று கசிந்துபோகும். சோப்புத் தண்ணீர் தடவினால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். சைக்கிள் டியூப்பில் ஓட்டை கண்டுபிடிப்பதைப் போலத்தான். சில சமயம் புது டர்போ வேண்டாம். ஒரு கிளாம்ப் போதும்!

நீலப் புகை: என்ஜின் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். டர்போவின் அடைப்பு தேய்ந்து எண்ணெய் கசிவது ஒரு காரணம். ஆனால் அது ஒன்றே காரணம் அல்ல. டர்போவுக்கு வந்த எண்ணெய் கீழே இறங்கிப் போக ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய் கசடு அடைத்தோ நசுங்கியோ இருந்தால் எண்ணெய் இறங்காது. தேங்கி நின்று, வழி தேடி, சக்கரத்தின் பக்கம் கசியும். என்ஜின் அடிப்பகுதி மூச்சு விடும் குழாய் அடைத்தாலும் இதே கதைதான். ஏர் பில்டர் அடைத்தால், டர்போ எண்ணெயை உறிஞ்சி இழுக்கும். என்ஜினின் பிஸ்டன் வளையம் தேய்ந்தாலும் நீலப் புகை வரும். இவ்வளவையும் பார்த்த பிறகுதான் டர்போவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

ஊளைச் சத்தம்: டர்போவுக்கு இயல்பாகவே மெல்லிய விசில் உண்டு. அது திடீரென்று ஊளையாக மாறினால் கவனிக்க வேண்டும். குழாயில் கசிவு இருக்கலாம். சக்கரம் கூட்டில் உரசலாம். வண்டியை நிறுத்தி, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, காற்றுக் குழாயைக் கழற்றித் தண்டைக் கையால் அசைத்துப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். எண்ணெய்ப் படலத்துக்கு விட்ட இடம் அது. சக்கரம் கூட்டில் தொடக் கூடாது. முன்னும் பின்னும் இழுத்தால் தெரியும்படியாக ஆடக் கூடாது. இறகு ஒடிந்திருக்கக் கூடாது. என்ஜின் ஓடும்போது அங்கே கை வைத்தால் விரல் போய்விடும்.

புது வண்டிகளில் எல்லாவற்றையும் கவனிக்கும் சிறு கம்ப்யூட்டர் உண்டு. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் காற்றழுத்தம் குறைவு என்று அது சொல்லும். ஏன் குறைந்தது என்பதை மனிதன்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வாரத்தில் ஏன் கெட்டது?

முதலில் சொன்ன புதிருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பழைய டர்போ பேரிங் தேய்ந்து செத்தது. காரணம், எண்ணெய் வரும் குழாயில் கரிப்பிடித்த கசடு. மாற்றியது டர்போவை மட்டும். குழாய் அதே குழாய். புது டர்போவுக்கும் எண்ணெய் கிடைக்கவில்லை. அதுவும் செத்தது. அல்லது ஒடிந்த இறகின் துண்டுகள் குழாய்க்குள்ளேயே கிடந்தன. யாரும் தட்டி எடுக்கவில்லை. புது டர்போ அதனாலேயே நாசமானது. மருந்து நோய்க்குக் கொடுக்கப்படவில்லை, சத்தத்துக்குக் கொடுக்கப்பட்டது.

கரிக் கசடு எப்படி உண்டாகிறது? மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலையில் பாரத்தோடு வேகமாக வந்த வண்டியை, அருப்புக்கோட்டை டீக்கடை முன்னால் நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பிவிடுகிறார்கள். என்ஜின் நின்றது. எண்ணெய் வரத்தும் நின்றது. டர்போத் தண்டோ இன்னும் சுழல்கிறது. நெருப்பாய்க் கொதிக்கிறது. அங்கே தங்கிய எண்ணெய் கருகிக் கரியாகிறது. நாள்தோறும் இப்படிப் படிந்து குழாயை அடைக்கிறது.

இதற்குப் பரிகாரம் காசு செலவில்லாதது. கடுமையாக ஓடி வந்த வண்டியை நிறுத்துமுன், இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஓடவிட வேண்டும். காலையில் கிளப்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடக் கூடாது. எண்ணெய் மேலே ஏறக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். குறித்த தேதியில், குறித்த ரக எண்ணெயை மாற்ற வேண்டும். தூசிக் காட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் பில்டரை மற்ற ஊர்களைவிட முன்னதாகவே பார்க்க வேண்டும். இவற்றைச் செய்கிற குடும்பத்தின் பணம் வீட்டிலேயே தங்கும். பிள்ளைகளின் படிப்புக்கு ஆகும்.

பூஹியின் வழி

20 ஆண்டுக்காலம் தம் பொருள் தோற்றுக்கொண்டே இருந்தபோதும், பூஹி அதைத் தூக்கி எறியவில்லை. சத்தம் வந்த இடத்தோடு நின்றுவிடவும் இல்லை. புகை வரும் வழியெல்லாம் தேடிப்போனார். மூலத்தைக் கண்டுபிடித்தார். அதை மாற்றினார். மீதி தானாகச் சரியாயிற்று.

1879-ல் திருச்சுழியில் பிறந்தவர், மனிதன் தன் மூலத்தைத் தனக்குள்ளே தேடிக் காண வேண்டும் என்று காட்டினார். அதே ஆண்டு வின்டர்தூரில் பிறந்தவர், இரும்பு என்ஜினில் கோளாற்றின் மூலத்தைத் தேடிக் கண்டார். இருவர் பாதையும் வேறு வேறு. ஆனால் மேலோட்டமாகப் பார்த்துத் திருப்தி அடையாத குணம் இருவருக்கும் இருந்தது.

இன்றும் அருப்புக்கோட்டைப் பட்டறை ஒன்றில் ஒரு லாரி கறுப்புப் புகையோடு வந்து நிற்கலாம். மெக்கானிக் டர்போவைத் தொடாமல், முதலில் ஏர் பில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். ரப்பர் குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவலாம். அவர் பூஹியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்காவிட்டாலும், போவது பூஹி போன வழியில்தான்.